நாலாவது சக்கரம்

"நாலாவது சக்கரம் ஆருக்குங் அம்மிணி?"

கேட்டுவிட்டு ஆசாரியய்யா டீ டம்ளரைத் திண்ணையில் கவிழ்த்து வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. நான் அப்போது கடைசிச் சக்கரத்தின் கடைசி ஸ்குரூவை முடுக்கிக்கொண்டிருந்தேன். மூலைக்கு ஒன்றாக நாலு மூலைக்கு நாலு சக்கரம். இதில் ஆருக்கு என்று கேட்க என்ன இருக்கிறது? வயசானவர், விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மேல்நிலை வகுப்புக்கு இருபது வருடமாக இயற்பியல் நடத்துகிறவளுக்கு ஒரு கிரைண்டர் வண்டியைப் பற்றி யார் வந்து சொல்லித்தர வேண்டும் என்ற நினைப்பும் கொஞ்சம் இருந்தது, ஒளிக்காமல் சொன்னால். ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. தாராபுரம் ரோட்டில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வரும். விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது வரும். "ஆருக்கு" என்று ஏன் கேட்டார்? எதுக்கு என்றுதானே கேட்டிருக்க வேண்டும்?

வண்டி செய்ய ஆரம்பித்த காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் வீட்டு கிரைண்டர் சாய்க்கிற வகை, ஐந்து லிட்டர். தம்பி பத்தாம் வகுப்பு படித்த வருடம் அப்பா கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸின் மேல் போட்டுக் கொண்டுவந்தது. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, நம் ஊரில் அது சாமான் என்பதைவிடச் சொந்தக்காரர் மாதிரி. 2011-இல் அரசு கொடுக்க ஆரம்பித்த விலையில்லா கிரைண்டரும் வீட்டில் உண்டு. அம்மா அதைப் பெட்டியோடு அட்டாலியில் ஏற்றிவிட்டார். "அதுல ஆட்டுனா இட்லி பஞ்சாட்டம் வராது" என்பது தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. பெரிய கிரைண்டரோ சமையலறை மூலையில் இருக்கிறது. அங்கேயே வைத்து ஆட்டினால் ஃபிரிட்ஜ் கதவு திறக்காது. ஆகவே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதை நடுவுக்கு இழுப்பதும், ஆட்டி முடித்துக் கழுவி மறுபடி மூலைக்குத் தள்ளுவதும் வழக்கம். முன்பு அம்மாவே ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கி நடத்திக்கொண்டு போவார். இப்போது 71 வயது, முட்டி இரண்டும் ஒத்துழைப்பதில்லை. திருப்பூரிலிருந்து தம்பி வருகிற ஞாயிறுதான் மாவாட்டுகிற ஞாயிறு என்று ஆகிப்போனது. அவன் வராத வாரம் ரவா உப்புமா.

கல்லைத் தனியாக, டிரம்மைத் தனியாக, உடம்பைத் தனியாக எடை மெஷினில் வைத்துக் கூட்டினேன். 43 கிலோ. இதை உருட்டிக்கொண்டு போக ஒரு வண்டி. அவ்வளவுதான் எண்ணம்.

சாளையில்

என் பட்டறை என்பது பழைய மாட்டுச்சாளை. அப்பா இருந்தவரை இரண்டு காங்கயம் எருதுகள் அங்கே நின்றன. இப்போது தீனி போடுகிற காடியின் மேல் பலகையைப் போட்டு அதையே வேலை மேசை ஆக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு டிரில், ஒரு கட்டிங் மிஷின், நாலு கிளாம்ப், இரண்டு உளி, ஆசாரியய்யா கொடுத்த ஒரு இழைப்புளி. நாற்பது வயதுக்கு மேல் மரவேலை பழகுவது பற்றி உறம்பரைகளுக்குப் பலவிதமான கருத்து உண்டு. "ஏம் பாப்பா, கடையில கிடைக்காததா?" என்பது அதில் மிகவும் மரியாதையானது.

மரம் எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டு ஓரத்தில் நின்ற வேம்பு. கோடைமழைக் காற்றில் சாய்ந்தது. அறுவை மில்லில் ஒன்றரை அங்குலப் பலகையாக அறுத்து, இடையிடையே சட்டம் கொடுத்து, சாளை நிழலில் அடுக்கி வைத்திருந்தேன். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்குப் பொறுமை பத்து மாதத்தில் தீர்ந்துவிட்டது. அதன் பலனாக ஒரு பலகை, சட்டம் போட்டு இறுக்கிய மறுவாரமே ஒரு மூலையில் ஒன்றரை நூல் முறுக்கிக்கொண்டது. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். வேப்ப மரத்தை இழைக்கும்போது வருகிற தூள் மூக்கில் ஏறினால் கசப்பு நாக்கு வரைக்கும் இறங்கும். டீ கூடக் கசக்கும். ஆனால் பூச்சி அண்டாது என்பதால் சமையலறைக்கு அதைவிட எனக்கு வேறு தோன்றவில்லை.

கீழ்த்தட்டுக்கு மட்டும் பைன். திருப்பூருக்கு வெளிநாட்டிலிருந்து மெஷின் வருகிற பெட்டிகளை உடைத்து விற்பார்கள், தம்பி வாங்கி வந்தான். அப்படிப்பட்ட மரத்தில் ஒரு முத்திரை இருக்கும், பார்த்து வாங்குங்கள். எச்.டி. (HT) என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரிக்குக் குறையாத சூட்டில் 30 நிமிடம் வைத்துப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள் என்று பொருள். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதை அரிசி, பருப்பு புழங்குகிற இடத்துக்குக் கொண்டுவராமல் இருப்பது நல்லது. எங்களுக்குக் கிடைத்தது எச்.டி. முத்திரையை உப்புத்தாள் போட்டு எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டேன், பார்க்க அழகாக இருந்தது.

மேல்தட்டு 18 அங்குலத்துக்கு 22. உயரம் 14 அங்குலம், அம்மா குனியாமல் மாவு வழிக்கட்டும் என்று. கால்களில் துளை போட்டுக் குறுக்குச் சட்டத்தின் நாக்கை இறக்கி, பசை வைத்து, மூங்கில் ஆணி அடித்தேன். மூலைமட்டம் வைத்தால் நாலு மூலையும் ஒட்டி நின்றது. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் மரவேலை செய்கிறேன் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எந்த நாளும் இப்படி நாலு மூலையும் ஒட்டி முடிவதில்லை.

சக்கரம் காங்கயத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கினேன். "ரொட்டேட்டிங்கா, ஃபிக்ஸாங்க?" என்றார் கடைக்காரர். நாலும் ரொட்டேட்டிங் என்றேன், எந்தப் பக்கமும் போகட்டும் என்று. இரண்டு அங்குலம், நைலான், ஒன்று 18 கிலோ தாங்கும் என்றார். கிரைண்டர் 43, மாவு 4, வண்டி 11, ஆக 58 கிலோ. நாலால் வகுத்தால் பதினாலரை. தாராளம். பிரேக் வைத்தது இரண்டு, இல்லாதது இரண்டு என்று வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தச் சக்கரத்தைப் பூட்டிக்கொண்டிருக்கும்போதுதான் ஆசாரியய்யா வந்து அந்தக் கேள்வியைக் கேட்டது.

சாளையில் மேசையின் மேல் வண்டி அசையாமல் நின்றது. சமையலறையில் கொண்டுபோய் இறக்கியதும் ஆடியது. கொஞ்சம்தான். எதிரெதிர் மூலையை மாற்றி மாற்றி அழுத்தினால் டொக், டொக் என்று ஒரு சத்தம். பலகை முறுக்கிக்கொண்டதுதான் காரணம் என்று அந்தக் காலின் அடியை இழைத்தேன். இன்னொரு இடத்தில் வைத்தால் வேறு மூலை ஆடியது. அதற்கு ஒரு சக்கரத்தட்டின் அடியில் காலண்டர் தாளை மடித்து வைத்தேன். வகுப்பில் நானே ஒரு வித்தை காட்டுவதுண்டு. ஆடுகிற சதுர மேசையை இருந்த இடத்திலேயே மெல்லச் சுழற்றிக்கொண்டே வந்தால், கால்கள் நாலும் சமமாக இருக்கும்பட்சத்தில், கால் சுற்றுக்குள் எங்கேயாவது ஆட்டம் நின்றுவிடும். தரை மேடு பள்ளமாக இருந்தாலும் சரி, படி மாதிரி வெட்டு இல்லாமல் இருந்தால் போதும். கணக்காகவே நிரூபித்திருக்கிறார்கள். பிள்ளைகள் கைதட்டுவார்கள். சமையலறையிலும் வண்டியைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு கோணத்தில் நின்றது. ஆனால் வண்டி என்பது ஓரிடத்தில் நிற்பதற்காகச் செய்ததில்லையே. இரண்டடி தள்ளினால் மறுபடி டொக்.

"எனக்கு எதுக்குக் கண்ணு இந்த வண்டியெல்லாம்? தம்பி வந்தா தூக்கி வெச்சுட்டுப் போறான்" என்றார் அம்மா. அவர் அப்படிச் சொன்னதாலேயே அடுத்த ஞாயிறு வண்டியில்தான் மாவு ஆட்டுவது என்று நான் முடிவு செய்தேன்.

மாவு வரைந்த படம்

இரண்டு கிலோ அரிசி, அரைக் கிலோ உளுந்து. உளுந்தை முதலில் ஆட்டித் தனியாக வழித்து வைத்தாயிற்று. அரிசி ஓடிக்கொண்டிருந்தது. கிரைண்டர் ஓடும்போதே வண்டி மெல்ல நடக்கிறது என்பதைக் கவனித்தேன். பிரேக்கை மிதித்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் அந்தப் பிரேக் சக்கரம் உருள்வதைத்தான் நிறுத்தும், சக்கரம் தன் தண்டைச் சுற்றித் திரும்புவதை நிறுத்தாது. திரும்புகிற சக்கரத்தில் தரையைத் தொடுகிற புள்ளி தண்டுக்கு நேர் கீழே இருப்பதில்லை, ஒரு அங்குலம் தள்ளி இருக்கும். அதனால்தான் அது நாம் தள்ளுகிற பக்கத்துக்குப் பின்னால் வால் மாதிரி வருகிறது. அதே காரணத்தால், நாலு சக்கரமும் உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டால் 22 அங்குல வண்டி 20 அங்குல வண்டியாகிவிடும். இதெல்லாம் இப்போது விளக்கமாகச் சொல்கிறேன். அப்போது எனக்குத் தெரிந்தது கிரைண்டர் சத்தம் மட்டும்.

ஆட்டி முடிந்தது. தம்பி ஸ்விட்சை அணைத்தான், அம்மா போசியை முன்னால் வைத்தார். டிரம்மைச் சாய்த்தேன். கல்லும் மாவும் முன்பக்கம் வந்த அந்த நொடியில், தரையைத் தொடாமல் இருந்த முன்பக்க இடது சக்கரம் போய்த் தரையைத் தொட்டது. அரை அங்குலம் கூட இராது அந்த இறக்கம். ஆனால் 14 அங்குல உயரத்தில் நிற்கிற 43 கிலோவுக்கு அது போதும். மொத்தமும் என் பக்கமாக ஒரு குனி குனிந்தது. ஒரு சக்கரத்தின் தண்டு வளைகிற சத்தம் கேட்டது. தம்பி பாய்ந்து உடம்பைப் பிடித்துக்கொண்டான், நான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். டிரம்மைப் பிடிக்க ஆள் இல்லை. கிரைண்டர் விழவில்லை, மாவு விழுந்தது.

"அட சாமி" என்றார் அம்மா. அவ்வளவுதான். அப்புறம், "ஆரும் அசையாதீங்க, வழுக்கிப் போடும்."

அசையாமல் நின்றோம். தம்பி கிரைண்டரைக் கட்டிப்பிடித்தபடி, நான் வண்டிச் சட்டத்தைப் பிடித்தபடி, அம்மா சுவரோரமாக. காவித்தரையில் நாலு கிலோ அரிசி மாவு. முதலில் அது விழுந்த இடத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தது. பிறகு ஒரு பக்கம் மட்டும் நாக்கை நீட்டியது. இட்லிப் பதத்து மாவு தண்ணீர் மாதிரி ஓடாது. யோசித்து யோசித்துப் போகும். அந்த நாக்கு எங்கள் மூவர் கால்களுக்கும் நடுவே வளைந்து, நேராக மூலையில் இருக்கிற சலதாரையைப் பார்த்து நகர்ந்தது. நான் பிறந்து வளர்ந்த வீடு. அந்தச் சமையலறைத் தரை சமமானது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது சலதாரையைப் பார்த்து வாட்டம் கொடுத்துப் பூசிய தரை, கழுவிவிட்டால் தண்ணீர் தானாகப் போவதற்காக. வாட்டம் இருக்கத்தான் செய்யும், யாருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ரசமட்டத்தை மேசைமேல் வைத்துப் பார்த்தேனே ஒழியத் தரையில் வைத்துப் பார்க்கவில்லை.

அதைவிட ஆச்சரியம், பாதி வழியில் மாவு பிரிந்தது. நடுவில் ஏதோ இருப்பதுபோல இரண்டு கிளையாகப் பிரிந்து, சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கம் மறுபடி சேர்ந்தது. நடுவில் சிவப்பாக, வட்டமாக, ஒரு முறம் அகலத்துக்கு ஒரு திட்டு. மாவு ஏறாத திட்டு.

"அங்கதான் ஆட்டாங்கல்லு இருந்துச்சு" என்றார் அம்மா. "உங்க அப்பத்தா இருக்கிற வரைக்கும் அத எடுக்க உடல. கிரைண்டர் வந்தப்பறமும் சட்னிக்கு அதுலதான் ஆட்டுவாங்க. அவுங்க போனப்பறம் உங்கப்பா எடுத்துப்போட்டு, கொத்துக்காரர வெச்சுப் பூசுனாரு. துளி எச்சாப் பூசிப்போட்டாரு அந்தாளு. நான் கூட்டறப்பல்லாம் சீமாறு அங்க தட்டும்."

சீமாறு தட்டுகிற இடம் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. கிரைண்டரை ஒரு காலை மாற்றி ஒரு காலை நடத்திக்கொண்டு போனபோதும் அந்தத் திட்டைச் சுற்றித்தான் நடத்தியிருக்கிறார். ஒரு நாளும் அதன்மேல் நிறுத்தியதில்லை. நான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது சரியாக அதன்மேல். முன்பக்க வலது சக்கரம் திட்டின் மேல், அதற்கு எதிர் மூலையில் இருப்பது அதோடு சேர்ந்து பாரம் தாங்க, இடது சக்கரம் அந்தரத்தில். காலண்டர் தாளெல்லாம் வைத்து நான் சரிசெய்தது என் வண்டியின் தவறை இல்லை.

சுத்தம் செய்ய ஒன்றரை மணி நேரம் ஆனது. உளுந்து மாவு தப்பித்ததால் அன்று இரவு அம்மா வடை சுட்டார். தம்பி ஒன்பது தின்றான். அவனுக்கு அந்த ஞாயிறு பற்றி நல்ல நினைவுதான்.

மறுநாள் கொத்தனார்கள் செய்கிறபடி உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பித் தரையை மட்டம் பார்த்தேன். ஃபிரிட்ஜ் மூலையிலிருந்து சலதாரைக்கு 11 அடி தூரம், பத்து நூல் இறக்கம். ஆட்டாங்கல் திட்டு சுற்றுப்புறத்தைவிட மூன்று நூல் உயரம். சக்கரத்தின் கணக்கும் அப்போதுதான் உறைத்தது. நாலு சக்கரத்து வண்டியில் எடையை நாலால் வகுக்கக் கூடாது. எந்த நேரத்திலும் ஒரு சக்கரம் தரையில் இல்லாமல் போகலாம், மூன்றால் வகுக்க வேண்டும். 58-ஐ மூன்றால் வகுத்தால் பத்தொன்பதுக்கு மேல். என் சக்கரம் தாங்குவது 18.

முன்னச்சு

ஆசாரியய்யாவிடம் போய்ச் சொன்னபோது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அட்டாலியில் தம்பியோட நடைவண்டி கிடக்குதா பாருங்க என்றார். கிடந்தது. அவர் கையால் செய்தது. பெயின்ட் உதிர்ந்து, ஒரு சக்கரத்தில் நான் சின்ன வயதில் ஒட்டிய பொட்டுகூட இருந்தது. பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று. மூன்றே சக்கரம். குழந்தை நடக்கிற வாசல் சாணி போட்ட மண்வாசல். நாலு சக்கரம் வைத்தால் ஒன்று எப்போதும் அந்தரத்தில் ஆடும், பிள்ளை மிரண்டு உட்கார்ந்துவிடும். மூன்று புள்ளி எங்கே வைத்தாலும் உட்காரும். மூன்று புள்ளி ஒரு தளத்தைத் தீர்மானிக்கும் என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! முக்காலி ஆடாததற்குக் காரணம் கேட்டு இரண்டு மதிப்பெண் கேள்வி கூடப் போட்டிருக்கிறேன்.

"மாட்டு வண்டிக்கும் ரெண்டுதானுங்களே" என்றார். "ரெண்டு சக்கரம், மூணாவது எருதுக கழுத்து. எந்தப் பள்ளத்துல எறக்குனாலும் ரெண்டும் மண்ணுல இருக்கும். நாலு வெச்சா நாலாவது ஆருக்குங்?"

அவருடைய அப்பா வண்டிச் சக்கரம் செய்தவர். எங்கள் சாளையில் சாய்ந்து கிடக்கிற சக்கரமும் அவர் செய்ததுதான். பன்னிரண்டு ஆரக்கால், விளிம்புக்கு ஆறு வட்டை. பட்டா போடுகிற நாளை நான் பார்த்திருக்கிறேன். இரும்புப் பட்டாவைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகவே அடித்து, சுற்றிலும் வறட்டியும் சுள்ளியும் அடுக்கிக் கொளுத்திவிடுவார்கள். சூட்டில் விரிந்த பட்டாவைக் குறடுகளால் தூக்கிச் சக்கரத்தில் இறக்கியதும் மரம் புகையும். உடனே தண்ணீர். இரும்பு சுருங்கும்போது ஆரக்கால் ஒவ்வொன்றும் நடுவிலுள்ள குடத்துக்குள் இறுகுகிற முறுமுறு சத்தம் கேட்கும். வெப்ப விரிவுக்கு இன்றைக்கும் வகுப்பில் இந்த உதாரணம்தான் சொல்கிறேன். வண்டிக்கு எத்தனை சக்கரம் என்பதை மட்டும் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

சரி, மூன்று சக்கரம் போட்டுவிடலாம் என்று தோன்றும். போட்டேன். சாளைத் தரையில் கிரைண்டருக்குப் பதில் செங்கல்லை ஏற்றிப் பார்த்தேன். ஆடவே இல்லை, எங்கே வைத்தாலும் அம்மி மாதிரி உட்கார்ந்தது. ஆனால் முன்மூலை ஒன்றில் நாலு செங்கல்லைக் கூடுதலாக வைத்ததும் அந்தப் பக்கம் கவிழ்ந்தது. மூன்று சக்கரம் முக்கோணம், எடை முக்கோணத்தைத் தாண்டினால் சாயும். குழந்தை நடுவில் பிடித்துக்கொண்டு நடக்கும், அதற்குச் சரி. கல்லும் மாவும் முன்பக்கம் தள்ளிவந்து விழுகிற சாய்க்கும் கிரைண்டருக்குச் சரிவராது. ஆசாரியய்யாவின் கேள்விக்குப் பதில் ஒன்று கிடைத்தது: நாலாவது சக்கரம் மாவு வழிக்கிற அந்த ஒரு நொடிக்கு. மற்ற நேரமெல்லாம் அது தொல்லை.

இந்த இடத்தில் இரண்டு வாரம் நின்றேன். விடை வந்தது பஸ் ஜன்னலில். தாராபுரம் ரோட்டோரம் ஒரு காட்டில் டிராக்டர் வரப்பைக் குறுக்காகத் தாண்டிக்கொண்டிருந்தது. முன்சக்கரம் ஒன்று வரப்பின் மேல், மற்றது பள்ளத்தில். முன்னச்சு இப்படிச் சாய்ந்து நிற்க, அதன்மேல் இஞ்சின் சாயாமல் இருந்தது. முன்னச்சு நடுவில் ஒரே ஒரு பின்னில் தொங்குகிறது, தராசுத் தண்டு மாதிரி. டிராக்டர் பார்க்க நாலு சக்கரம். உண்மையில் பின்னால் இரண்டு, முன்னால் அந்தப் பின் ஒன்று, ஆக மூன்று புள்ளி. அளவுக்கு மேல் சாய்ந்தால் மட்டும் அச்சு ஒரு கட்டையில் முட்டி நிற்கும், அப்போது நாலாகிவிடும். சின்ன வயதிலிருந்து பார்க்கிற டிராக்டர். பஸ் காங்கயம் வந்துசேர்வதற்குள் ஹால் டிக்கெட் கவரின் பின்பக்கம் படம் வரைந்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா, "ஊடு கட்டறீங்ளா?" என்று கேட்டார்.

இப்போதிருக்கிற வண்டி இப்படி. உயரத்தை எட்டு அங்குலமாகக் குறைத்துவிட்டேன். அம்மா கொஞ்சம் குனியத்தான் வேண்டும், அதற்கு வழியில்லை. பின்னால் இரண்டு ஃபிக்ஸ் சக்கரம், நாலு அங்குலம், பாலியூரித்தேன். நைலான் அளவுக்குச் சத்தம் இல்லை, காவித்தரையைக் கீறுவதும் இல்லை. முன்னால் இரண்டு திரும்புகிற சக்கரங்களை நேராக வண்டியில் பூட்டாமல், 16 அங்குல வேப்பங்கட்டையில் பூட்டி, அந்தக் கட்டையை நடுவில் ஒரு நாலு நூல் போல்ட்டில் தொங்கவிட்டேன். கட்டையின் இரண்டு முனைக்கு மேலும் இரண்டு நூல் இடைவெளி விட்டு ஒவ்வொரு முட்டுக்கட்டை. தள்ளும்போது கட்டை ஆட்டாங்கல் திட்டின் மேல் ஏறி இறங்கும், மேல்தட்டு ஆடாது. மாவு வழிக்கும்போது எடை ஒரு பக்கம் வந்தால் கட்டை முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஓடும்போது வண்டி நடக்காமல் இருக்கப் பின்சக்கரத்தின் அடியில் ஒரு ஆப்பு. மேட்டில் வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் கொடுப்பார்களே, அதேதான். பிரேக்கை நம்புவதை விட்டுவிட்டேன்.

துளை போட்ட விதம்தான் இந்த வண்டியிலேயே கஷ்டமான வேலை. போல்ட் தளர்வாக இருந்தால் கட்டை முன்னும் பின்னும் தலையாட்டும், இறுக்கமாக இருந்தால் சாயாது. நாலு நூல் போல்ட்டுக்கு நாலு நூல் துளையே போட்டு, ஒரு குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி உள்ளே விட்டு விட்டு எடுத்தேன். பத்து இழுப்புக்கு ஒரு தடவை போல்ட்டைப் போட்டுப் பார்ப்பது. ஒரு கட்டத்தில் போல்ட் தன் எடையாலேயே மெதுவாக உள்ளே இறங்கியது, மாவு நகர்ந்த மாதிரி. அங்கே நிறுத்தினேன். கொஞ்சம் மெழுகு தேய்த்தேன்.

நான்கு ஞாயிறு ஆட்டியாயிற்று. தம்பி வராத வாரமும். அம்மா ஒரு கையால் தள்ளுகிறார். திட்டைச் சுற்றித்தான் இன்னும் தள்ளுகிறார், அதன்மேல் ஏற்றலாம் என்று நான் எத்தனை சொல்லியும். மற்ற நாட்களில் வண்டியின் கீழ்த்தட்டில் வெங்காயம், அந்த எச்.டி. முத்திரைக்குப் பக்கத்தில்.

போன ஞாயிறு ஆசாரியய்யா வந்தார். குனிந்து, முன்கட்டையைக் கையால் ஒரு பக்கம் அழுத்தினார். மறுபக்கம் அழுத்தினார். போல்ட்டின் முனையைத் தடவிப் பார்த்தார்.

"கடையாணி எங்கீங் அம்மிணி?"

சக்கரம் கழன்றுவிடாமல் அச்சின் முனையில் செருகுகிற ஆணியைக் கேட்கிறார். இரட்டை நட்டுப் போட்டிருக்கிறேன், கழலாது என்றேன். அவர் டீ குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். இந்த வாரம் மாவு ஆட்டி முடித்து வண்டியைத் தள்ளும்போது கணகணவென்று ஏதோ உருண்டது. இரண்டு நட்டில் ஒன்று. அது நேராக உருண்டு, திட்டைச் சுற்றிக்கொண்டு, சலதாரையில் போய் விழுந்தது. நான் இப்போது போல்ட்டில் கடையாணிக்குத் துளை போட்டுக்கொண்டிருக்கிறேன். இரும்பில் போடுகிற துளை, மெதுவாகத்தான் போகிறது.